வேப்பூரில் விழுந்த டிரம்

எங்கள் வீட்டு உள்ளறையில் பாதியை ஒரு டிரம்ஸ் செட் அடைத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் படுத்துக்கொள்வோம். அப்பா கல்யாணத்துக்கு முன்பிருந்தே மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். திட்டக்குடி, கம்மாபுரம், வேப்பூர் என்று திருவிழா நடக்கும் ஊருக்கெல்லாம் வேனில் போய் வாசித்துவிட்டு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு செராமிக் யூனிட்டில் சூளை வேலைக்கு ஓடுவார். தாளத்தையும் சேர்த்துத் தானே வாசித்துக்கொள்ளும் கீபோர்டு வந்தபிறகு குழுவுக்கு அப்பா தேவைப்படவில்லை. டிரம்ஸ் வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை.

அம்மாவுக்கும் அதற்கும் ஆகாது என்றுதான் நினைத்திருந்தேன். பெருக்கும்போது துடைப்பம் அதன் காலில் தட்டினால் போதும், ஆரம்பித்துவிடுவாள். “ஒரு பீரோ வைக்க எடம் இல்ல. இது என்னமோ ஜமீன்தாரு மாதிரி குந்திக்கினு இருக்குது.” அப்பா டிரம்ஸின் மேல் போர்த்தியிருந்த பழைய சேலையை இழுத்துச் சரிசெய்வார். அது அம்மாவின் சேலை.

இதில் மாமா நுழைந்தார். அம்மாவின் தம்பி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை வைத்திருந்தார். ஒருநாள் டிரம்ஸைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார். நாலைந்து நாளில் பாண்டிச்சேரியிலிருந்து ஒருவர் போன் செய்தார். பழைய வாத்தியங்களை வாங்கி விற்கிறவராம்.

“அக்கா, இது சாதாரண செட்டு இல்ல. பழைய இங்கிலீஷ் சரக்கா இருந்தா பெரிய காசு. ஆளு நேர்லயே வந்து பாக்குறேங்குறாரு” என்றார் மாமா. என் பக்கம் திரும்பி, “பாப்பாவுக்கு ஒரு சைக்கிளு” என்றும் சொன்னார். அந்த நிமிடத்திலிருந்து நான் மாமாவின் கட்சி.

அது எந்தக் காலத்து டிரம்ஸ் என்று அப்பாவுக்கே தெரியாது. விழுப்புரத்தில் ஒரு ரிட்டயரான ரயில்வே கார்டிடம் வாங்கியது. “நான் வாங்கும்போதே அது கெழடுதான்” என்பார். மாமா சொன்னதைக் கேட்டுவிட்டுச் சேலையை ஒருதரம் சரிசெய்தார். பிறகு, “சரி, வந்து பாக்கட்டும்” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா டிரம்ஸைத் துடைக்க உட்கார்ந்தார். வெண்கலத் தட்டுகளை விபூதி போட்டுத் தேய்த்தார். திருகாணிகளைக் கழற்றி எண்ணெய் விட்டார். சாப்பிடக் கூப்பிட அம்மா இரண்டு தடவை வந்தாள். மூன்றாம் தடவை வந்தவள் கூப்பிடாமல் கதவோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். எனக்குப் பசித்தது என்பதால் இது நினைவிருக்கிறது.

பாண்டிச்சேரிக்காரர் சொன்னபடி வந்தார். ஒல்லியான மனிதர். பையில் ஒரு டார்ச்சும் இஞ்சு டேப்பும் பூதக்கண்ணாடியும் வைத்திருந்தார். “தொடலாங்களா?” என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் கைவைத்தார். முதலில் கம்பெனி பேர் பொறித்த சின்னத் தகட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு பெரிய டிரம்மின் தோலைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து, தலையை விட்டு மோந்தும் பார்த்தார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“தகடு இந்த மாதிரி முட்டை வடிவத்துல வந்தது கொஞ்ச வருஷம்தாங்க. உள்ள பலகைக்கு முட்டுக் கொடுத்து வளையம் வச்சிருக்காங்க பாருங்க, அதையும் அப்புறம் நிறுத்திட்டாங்க. ரெண்டையும் சேத்துப் பாத்தா அறுபதுகள்ல செஞ்சது. எல்லாம் ஒரிஜினலா இருந்தா…” என்று ஒரு தொகை சொன்னார்.

மாமாவுக்கு டீ புரையேறியது. என் சைக்கிளுக்கு முன்னால் கூடையே முளைத்துவிட்டது. அப்பா மட்டும் சந்தோஷமான ஆள் மாதிரி இல்லை. கழற்றி வைத்த தோலை மடியில் வைத்து விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள்.

“சார், வூட்டுக்கு வந்தவங்கள ஏமாத்தக் கூடாது. அந்தப் பெரிய டிரம்முல வெளிய இருக்குற கட்டை வளையம் பழசு இல்ல. இங்க ஜங்ஷன் ரோட்டுல ஆசாரிகிட்ட சொல்லிப் போட்டது.”

“அக்கா!” என்றார் மாமா.

“அந்தத் தட்டுல விரிசல் இருக்குது. ஓரத்த ராவி வச்சிருக்காரு. இந்த ஸ்டாண்டு வேற செட்டோடது.”

பாண்டிச்சேரிக்காரர் ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையாட்டினார். எல்லாம் உண்மைதான். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் என் சைக்கிளில் ஒரு பாகம் கழன்றது. அதோடு நிற்கக் கூடாதா?

“பெரிய டிரம்மு ஒடஞ்சு ஒட்டுனது சார். வேப்பூர்கிட்ட வேன் கவுந்து, இது ரோட்டுல உருண்டு போச்சு. ரெண்டா பொளந்துடுச்சு.”

அவர் டார்ச்சை உள்ளே அடித்து வெகுநேரம் தேடினார். “ஒட்டு தெரியலியேம்மா.”

“தெரியாம ஒட்டுனாத்தான சார் வேல? நான் செராமிக் யூனிட்டுல கப்பு தட்டிப் பாத்து செகண்ட்ஸ் பிரிக்கிறவ. வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, தட்டுனா சொல்லும்.” சொல்லிவிட்டு விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினாள். தொப் என்றது. அப்பா எப்போதோ திணித்து வைத்த என் பழைய தலையணை அதற்குள் கிடந்ததை யாரும் சொல்லவில்லை.

அவர் அப்பாவைப் பார்த்தார். “அப்படிங்களா சார்?”

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “ஆமாங்க. பெரிய அடி” என்றார்.

தொகை மூன்றில் ஒன்றாக இறங்கியது. அந்த விலைக்குத் தருவதற்கில்லை என்று அப்பா உடனே சொல்லிவிட்டார். அந்த வேகத்தில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. வந்தவர் கோபப்படவில்லை. தோலை மறுபடி பூட்டிக் கொடுத்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். “பத்திரமா வச்சுக்கோங்கம்மா. போயிட்டு வரேன்.” கிண்டல் செய்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மாமா பைக்கை உதைத்துக் கிளம்பினார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து அழுதேன். “நீ ஏன் சொன்ன? அவருக்குத்தான் தெரியலல்ல?”

“பொய் சொல்லி விக்கக் கூடாது பாப்பா” என்றாள் அம்மா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

“வேன் எப்ப கவுந்துது?” என்று கேட்டார்.

“கவுந்துது” என்றாள் அம்மா திரும்பாமலே. “போயி அந்தச் சேலைய எடுத்து மூடுங்க. தூசி ஏறுது.”

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எனக்கு அழுகை நின்று பயம் வந்துவிட்டது. டிரம் இரண்டாகப் பிளந்த அவ்வளவு பெரிய விபத்து. அதைப் போய் ஒரு மனிதர் மறப்பாரா? அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.