தாத்தா தூக்க வேண்டிய குழந்தை

எங்கள் வீட்டில் ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது அப்பாவைப் பெற்ற தாத்தாதான். மகளின் ஞானஸ்நானத்துக்கு இரண்டு வாரம் இருந்தபோது, எழுபது வயதான என் மாமனார் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, தான் ஆண்களை விரும்புகிறவர் என்றும், தான் அடிக்கடி போய்ப் பார்த்துவரும் ஊரப்பாக்கத்து நண்பர் வெறும் நண்பர் இல்லை என்றும் சொன்னார். மாமியார் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு கணவர் அவரோடு பேசவே இல்லை. ஞானஸ்நான ஞாயிற்றுக்கிழமை, தாம்பரம் சர்ச் வாசலில் வைத்துத்தான் என்னிடம் சொன்னார்.

"பாப்பாவ அவர்கிட்ட குடுக்காத. நானே தூக்கிக்கிறேன்."

"ஏங்க, அவர் என்ன பண்ணாரு?"

"அம்மாவ நாப்பது வருஷம் ஏமாத்தினாரு. போதாதா?"

அது அவர்கள் வீட்டுப் பழைய வலி. அதற்கு என் மகள் என்ன செய்வாள்? நான் மேடவாக்கத்துக்கு வேலைக்குப் போகும் நாட்களில் அவளைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுபவர் அந்த மனிதர்தான்.

ஆயர் அழைத்ததும் மாமனார் கை நீட்டினார். குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

"உங்கிட்ட என்ன சொன்னேன்?" என்று கணவர் பல்லைக் கடித்தார்.

மாமனார் காதில் அது விழுந்துவிட்டது. "நீயே தூக்குப்பா" என்று குழந்தையை மகனிடம் நீட்டினார். கணவரும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார்.

வாங்கியவர் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. விட்டுக்கொடுத்தவர் மேலும்தான். நான் குழந்தையைத் திரும்ப வாங்கித் தாத்தாவிடமே கொடுத்திருக்கலாம். சபை பார்க்கிறதே என்று பேசாமல் நின்ற என் மேல்தான் எல்லாரையும்விட அதிகம்.