ராகு காலத்துக்கு முன் வாங்கிய லேப்டாப்

மகள் கல்யாணத்தின்போது என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் வீடு திரும்பியதும், எச்.டி. கல்யாண வீடியோவையாவது டிவியில் காட்டலாம் என்று தாராவியில் பழைய லேப்டாப் வாங்கப் போனேன்.

"டிவில மாட்டிப் பாத்துட்டு வாங்குங்கக்கா, பத்து நிமிஷந்தான்" என்றார் கடைக்காரர். ராகு காலம் பிறந்துவிடுமே என்று பயந்து, பார்க்காமலே வாங்கி வந்தேன்.

வீட்டில் சாமி கும்பிட்டுவிட்டுப் போட்டால், மேளம் கேட்கிறது, படம் நகரவில்லை. மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறார்.

"ஏட்டி, இவரு கட்டி முடிக்கதுக்குள்ள பேரனுக்கு மொட்டையே போட்டுரலாம் போலுக்கே" என்று சிரித்த கணவர், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் வெயிலில் மறுபடி சுமந்துபோய், எங்கள் வீடியோவையே கடை டிவியில் முழுதும் ஓட்டிப் பார்த்து, வேறு லேப்டாப் மாற்றி வந்தேன். மாப்பிள்ளை தாலி கட்டுவதை என் கணவர் மூன்று தடவை பார்த்தார்.

இப்போதும் நல்ல நேரம் பார்க்கிறேன். ஆனால் சோதித்துப் பார்க்க நேரம் வைத்து, முன்னதாகவே கிளம்பிவிடுகிறேன்.