தாமல் ஏரிக்கரையில் ஒரு காலி பாட்டில்

பருவமழையில் தாமல் ஏரி நிரம்பிவிட்டது என்று கேள்விப்பட்டு, தை பிறந்ததும் பறவை பார்க்கக் கிளம்பினேன். காஞ்சிபுரத்துக்குப் பலமுறை போயிருக்கிறேன், எல்லாம் கோயிலுக்கும் பட்டுக்கும்தான். ஏரிப் பக்கம் போனது இதுவே முதல் தடவை.

சென்னையிலிருந்து விடியற்காலை பஸ். ஏழரைக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் இறங்கி, இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பேசினேன். தாமல் மேற்கே பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். போக வர, காத்திருப்பதற்கும் சேர்த்து எழுநூறு ரூபாய். ஓட்டுநர் பெயர் ஏசுதாஸ். “வெயில் ஏறினா பறவைங்கல்லாம் தூரமா பூடும்மா, சீக்கிரம் பாத்துடு” என்றார். அவர் சொன்னது சரிதான். நாங்கள் போன நேரத்தில் நத்தைக்குத்தி நாரைகள் கரையோரமாகவே மேய்ந்துகொண்டிருந்தன.

கொஞ்ச நேரத்தில் கோணிப்பையோடு ஒரு பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும். இடது காலை முழுதாக ஊன்றாமல் நடந்தார். ஏசுதாசுக்குத் தெரிந்தவர். கஸ்தூரி என்று பெயர், ஏரிக்குக் கீழே அரை ஏக்கர் நெல் வைத்திருக்கிறாராம். பையில் இருந்தவை காலி மது பாட்டில்கள். கடையில் இப்போது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் கிடைக்கும்.

காலுக்கு என்ன என்று கேட்டேன்.

“பாட்டில் சில்லுமா. போன நடவுல சேத்துக்குள்ள இருந்திச்சி, கண்ணுக்குத் தெர்ல. நரம்பு அறுந்துபோச்சி. அந்தப் போகம் பூரா வூட்லதான் குந்திக்கினு இருந்தேன்.”

மதகுப் பக்கம் மூன்று இளைஞர்கள் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் காலி பாட்டிலைக் கல்லில் அடிக்க ஓங்கினான். கஸ்தூரி அந்தக் காலோடு விறுவிறுவென்று போனார்.

“ஒடைக்காத தம்பி. அப்பிடியே குடு.”

“இன்னாக்கா, பத்து ரூபாய்க்கா இவ்ளோ தூரம் வந்த?”

“ஆமா. குடு.”

அவன் சிரித்துக்கொண்டே பாட்டிலை ஏரிக்குள் வீசினான். அது கழுத்து மட்டும் வெளியே தெரிய மிதந்தது. கஸ்தூரி கோணிப்பையைக் கரையில் வைத்தார். புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கரைக்கல்லில் பாசி. இரண்டாவது அடியில் கால் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். ஏசுதாஸ் ஓடிப்போய்த் தூக்கினார். நான் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“வுட்டுடுக்கா, ஒரு பாட்டில்தான” என்றார் ஏசுதாஸ்.

“ரொம்பிக்கினா முழுகிப்பூடும்பா. அப்பால எவன் கால்ல ஏறுமோ.”

மூன்று பேரில் மூத்தவன் எழுந்தான். “டேய், போய் எட்து குட்றா” என்றான். வீசியவன் முகத்தில் சிரிப்பு இல்லை. ஜீன்ஸோடு இறங்கி, மார்பளவு தண்ணீர் வரை போய் பாட்டிலை எடுத்துவந்தான். திருப்பிப் பார்த்தான்.

“ஸ்டிக்கர் ஊறி வந்துட்ச்சேக்கா. இதுக்குக் காசு தருவானா?”

“தரமாட்டான். குடு.”

அவர் அதையும் பைக்குள் போட்டுக்கொண்டார். அவன் ஈரத்தோடு நின்றான். பிறகு மிச்சமிருந்த இரண்டு பாட்டில்களையும் அவனே எடுத்து நீட்டினான்.

பத்து ரூபாய்க்காக யார் பாட்டிலைச் சுமந்துகொண்டு திரும்பக் கடைக்குப் போவார்கள் என்று நானும் நண்பர்களிடம் பேசியிருக்கிறேன். குடித்தவர்கள் போவார்களா என்பது இன்னும் எனக்குச் சந்தேகம்தான்.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் இருக்கும் மாதங்களில், ஒன்பது மணிக்குள் ஏரியில் இருங்கள். நான் போனபோது கரையில் கடை எதுவும் இல்லை. தண்ணீரைச் சொந்த பாட்டிலில் கொண்டுபோய்த் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். கரையில் இன்னும் சில்லுகள் கிடக்கின்றன, தடித்த செருப்பு அவசியம். கரைக்குக் கீழே வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. அங்கே எல்லோரும் வெறுங்காலோடு நின்றார்கள்.