கத்தரிப்பூ நிறத்தில் ஓர் உளி

கல்யாணமாகி மேலகரத்துக்கு வந்த முதல் வருஷம் என்னோடு அதிகம் பேசியது எங்கள் வீட்டு ஆட்டுரல்தான். ஆட்டும்போதாவது அது முனகும். வீட்டுக்காரரும் முனகுவார், ஆனால் அவர் வாரத்தில் ஒரு நாள்தான் இருந்தார்.

அவர் கொல்லர். ஏர்க்கொழுவும் அரிவாளும் அடித்தே பழகியவர். குற்றாலத்து மலையில் பாதை வெட்ட எஞ்சினியர் துரை உத்தரவு போட்டதும், பாறை உடைக்கும் உளி அடிக்க ஒரு காண்ட்ராக்டர் அவரைக் கூட்டிப்போனார். மலையடிவாரத்துக் கொட்டகையிலேயே சோறு, தூக்கம். சனிக்கிழமை சாயங்காலம் உடைந்த உளிகளைச் சாக்கில் சுமந்து வருவார். ஞாயிறு முழுக்க வீட்டு உலையில் அவற்றைத் திரும்ப அடிப்பார். துருத்தி இழுப்பது நான். என்னைப் பார்க்க வருகிறீர்களா, உலையைப் பார்க்கவா என்று கேட்டால், "ரெண்டும் சூடாத்தான் இருக்கு" என்பார்.

அந்த உளிதான் அவர் மானத்தை வாங்கியது. சிவக்கக் காய்ச்சி நுனியைத் தண்ணீரில் முக்கினால் இரும்பு இறுகும். அதைத் தண்ணி காட்டுவது என்பார்கள். இறுகியது என்னவோ இறுகியது; சம்மட்டி விழுந்ததும் வெல்லக்கட்டி மாதிரி தெறித்தது. ஆடி முடிவதற்குள் உடையாத உளி வராவிட்டால் செங்கோட்டையிலிருந்து வேறு கொல்லர் வருவார் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார்.

இவர் தண்ணீர்மேல் பழியைப் போட்டார். ஐந்தருவித் தண்ணீர், சிற்றாற்றுத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் என்று மாற்றி மாற்றி முக்கினார்.

"எங்க அம்மை வச்ச ரசத்துல முக்கிப் பாருங்க. அதைக் குடிச்சவங்க எல்லாரும் இறுகித்தான் போயிருக்காங்க" என்றேன். சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிறு அவர் குளிக்கப் போயிருந்தார். நெல் அவித்துக்கொண்டிருந்த நான், தணல் தள்ளக் கம்பு அகப்படாமல், தண்ணி காட்டி ஆறப்போட்டிருந்த உளி ஒன்றை எடுத்துத் தள்ளினேன். அப்படியே அடுப்பு வாய்ச் சுடுசாம்பலில் செருகிவிட்டு மறந்தும் போனேன். நினைவு வந்து உருவினால், வெளுப்பாக இருந்த நுனி கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. கெடுத்துவிட்டோம் என்று பயந்து, செம்பு விளக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்து, நிறம் போனதும் சாக்கில் போட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை எல்லா உளிகளும் உடைந்து வந்தன. ஒன்று மட்டும் உடையவில்லை. அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். என்னை அப்படித் தடவியதாக ஞாபகம் இல்லை.

"இது எந்தத் தண்ணின்னு தெரியலையே."

எனக்குத் தெரியும். சொல்லவில்லை. வேலை போனால் பழையபடி கொழு அடித்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பார். இரண்டு பேருக்கு உலை வைக்கலாம். ஓட்டில் சாரல் விழுவதை இன்னொருவரும் கேட்பார். மூன்று சனிக்கிழமை வாயை மூடியிருந்தேன். என் வாய் அத்தனை நாள் மூடியிருந்தது அந்த ஒரு தடவைதான்.

நாலாவது சனிக்கிழமை வந்தவர் தட்டில் கை வைக்கவில்லை. உளிச் சில்லு தெறித்து, கல் உடைக்கிறவர் ஒருவரின் கன்னத்தில் ஏறியிருக்கிறது.

"ஒரு நெல்லளவு மேல போயிருந்தா கண்ணு போயிருக்கும். நான் அடிச்ச உளிடி அது."

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அன்னைக்கு உடையாத உளி இருந்துச்சுல்லா, அதை நான் அடுப்புச் சாம்பல்ல செருகிட்டேன்."

"நெறம் மாறிச்சா?"

"கத்தரிப்பூ மாதிரி. புளி போட்டுத் தேச்சுட்டேன்."

"நான் இரும்புக்குத் தண்ணி காட்டுதேன். நீ எனக்கே காட்டியிருக்க."

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மறுநாள் எல்லா உளியையும் சாம்பலில் செருகி, நிறம் பார்த்துப் பார்த்து நான்தான் உருவினேன். தண்ணீரில் இறுகியதைச் சாம்பல் சூடு பதமாக்கியது; அந்த வாரம் ஒன்றுகூட உடையவில்லை. காண்ட்ராக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செங்கோட்டைக்கு அப்பால் மலைக்குள்ளே இன்னொரு பாதை வேலைக்கும் இவரே வேண்டும் என்றுவிட்டார்.

"மாசத்துக்கு ஒருக்கா வருவேன்" என்று மூட்டையைத் தூக்கினார்.

தெருமுனை வரை போனவர் நின்றார். திரும்பி வேகமாக நடந்து வந்தார். மனசு கேட்கவில்லையாக்கும் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தேன்.

"அன்னைக்கு நெல்லு எந்த வெறகுல அவிச்ச?"

"புளிய வெறகு" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார்.