பென்குயின் பக்கம்

அந்த லேப்டாப் சூடானால் ரப்பர் கருகுவதுபோல ஒரு வாடை வரும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த அது, மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு அக்காவோடு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. திறந்ததும் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் தெரியும். மேலே காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ், கீழே விண்டோஸ். பத்து விநாடிக்குள் எதையும் தொடாவிட்டால் தானாகவே மேல் வரிக்குள் போய்விடும் என்பதால், எல்லோரும் பாம்பைக் கண்டதுபோலப் பதறிக் கீழ் அம்பை அழுத்துவார்கள். மேல் வரிக்கு எங்கள் ஊரில் பெயர் "ஓசி". லேப்டாப்பே ஓசியில் வந்ததுதான் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. "காசு வாங்காம குடுக்கிறது இன்னா லட்சணத்துல இருக்கும்?" என்பார் அப்பா, அதே லேப்டாப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டே.

நான் தொடக்கூடாது என்பதற்காகவே அக்கா விண்டோஸுக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தாள். மேல் வரிக்குப் போடவில்லை, அங்கே யார் போகப்போகிறார்கள் என்ற அலட்சியம். அவள் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போன நேரமெல்லாம் நான் அங்கேதான் கிடந்தேன். பனியில் பென்குயின் சறுக்கும் விளையாட்டு ஒன்று இருந்தது. அக்காவின் ஃபோல்டர்களும் அங்கே பூட்டில்லாமல் தெரியும். ஒருநாள் பாட்டுக் கேட்க மாமா பையனின் பென்டிரைவைச் செருகினேன். அக்கா வரும் சத்தம் கேட்டு மூடியவள், அதைப் பிடுங்க மறந்துபோனேன். மறுநாள் காலையில் விண்டோஸில் அக்கா அதைத் திறந்து பார்த்துவிட்டு, ஏதோ பழையது என்று பிடுங்கி மேசையில் போட்டாள். நான் எடுத்து ஜாமெட்ரி பாக்ஸில் ஒளித்துக்கொண்டேன்.

அன்றுதான் அக்காவின் கல்லூரி விண்ணப்பத்தை ஆன்லைனில் அனுப்பக் கடைசி நாள், ஐந்து மணி வரைதான் நேரம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு அருகே பாய் ஒருவர் நடத்திய கம்ப்யூட்டர் கடைக்கு அப்பா, அக்கா, நான் மூவரும் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை. சான்றிதழ்கள் எல்லாம் ஸ்கேன் செய்து லேப்டாப்பில் இருந்ததால் ஒரிஜினல்களை வீட்டிலேயே விட்டு வந்திருந்தோம். திரும்பிப் போய் எடுத்துவர மூன்று மணி நேரமாவது ஆகும்.

அக்கா ஃபோல்டரைத் தட்டினாள். திறக்கவில்லை. இன்னொன்றைத் தட்டினாள். எல்லா ஃபோல்டர்களின் மூலையிலும் சின்னதாக ஓர் அம்புக்குறி முளைத்திருந்தது.

"ஷார்ட்கட் வைரஸும்மா, எல்லாத்தையும் முழுங்கிக்கினு கீது. ஃபார்மேட் பண்ணாதான் சரியாவும்," என்றார் பாய். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எந்தக் கம்ப்யூட்டருக்கு எது வந்தாலும் அதுதான் வைத்தியம்.

"உள்ள இருக்கறதுங்க?"

"போனது போனதுதாம்மா."

அக்கா சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார். "யாரு இன்னாத்த சொருகனது இதுல?" பாய் ஃபார்மேட் பண்ணும் சிடியை உள்ளே தள்ளப் போனார். வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வேன், திறக்காவிட்டால் அக்காவின் படிப்பு போய்விடும். அந்த நிமிடத்தில்கூட முதலில் என் முதுகைப் பற்றித்தான் நினைத்தேன் என்பதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"மேல் வரில போய்ப் பாருங்க," என்றேன்.

"ஓசிலயா? அதுக்கும் இதுக்கும் இன்னா பாப்பா சம்பந்தம்?" என்றார் பாய்.

"உனக்கு எப்படிடி தெரியும்?" என்றாள் அக்கா.

"நான் தினமும் அங்கதான் வெளையாடிக்கினு இருப்பேன். பென்டிரைவ சொருகனதும் நான்தான்."

பாய் லேப்டாப்பை நிறுத்தித் திரும்பத் திறந்தார். இரண்டு வரிகள் வந்தன. பத்து, ஒன்பது, எட்டு. பழக்கதோஷத்தில் அவர் விரல் கீழ் அம்புக்குப் போயிற்று. அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். மூன்று, இரண்டு, ஒன்று.

உள்ளே பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் புதிதாக இருந்தது. அதற்குள் எல்லாம் இருந்தன. வைரஸ் எதையும் விழுங்கவில்லை, விண்டோஸின் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்துத்தான் வைத்திருந்தது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணிக்கு ஆறு நிமிடம் பாக்கி.

அதன்பின் பாய், "சுத்தமா அழிச்சிட்டு விண்டோஸ் மட்டும் போட்டுடறேன், ரெண்டு எதுக்கு?" என்றார். அப்பா தலையாட்டினார். நம்மைக் காப்பாற்றிய மேல் வரியையே அழிக்கிறோமே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா அடிக்கவில்லை. அக்கா வீடு வரும்வரை பேசவில்லை. ஆனால் புது விண்டோஸுக்கு அவள் பாஸ்வேர்டு போடவே இல்லை.

இப்போது நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். லினக்ஸ் மாதிரி கட்டற்ற மென்பொருள்தான் ஒசத்தி என்று சண்டை போடுகிறவர்களோடு எனக்கு ஒட்டவில்லை. பிரிண்டர் வேலை செய்யாத நாளில் நானே அதைத் திட்டியிருக்கிறேன். ஆனால் "ஓசி" என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் கோபம் வருகிறது. கடையில் வாங்கும் லேப்டாப்புகளில் அந்த இரண்டு வரிகள் வருவதில்லை. என்னுடையது என் விரல் ரேகையைப் பார்த்துத்தான் திறக்கும். போன வாரம் அக்காவின் மகள் அதைக் கேட்டு வந்தாள். "தொடக்கூடாது," என்றேன், அக்காவின் அதே குரலில். அவள் தூங்கப் போன பிறகு உட்கார்ந்து, அதில் மேலே இன்னொரு வரி சேர்த்தேன். அதற்குப் பாஸ்வேர்டு போடவில்லை.