தோளில் மாட்டும் வெல்டிங் மெஷின்

எங்கள் பட்டறை நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பின் ஆர்ச்சுக்கு வெளியே, மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. என் கணவர் சுரங்க வேலைகளில் கான்ட்ராக்ட் வெல்டராகப் பல வருஷம் இருந்தவர். கான்ட்ராக்ட் கைமாறிய சமயத்தில் வெளியே வந்து சொந்தமாகப் பட்டறை போட்டார். அப்போது செகண்ட் ஹேண்டில் வாங்கியதுதான் பெரிய மெஷின். உள்ளே செப்புக் கம்பிச் சுருள் ஆயிலில் ஊறிக்கொண்டிருக்கும் இரும்புப் பெட்டி. அடியில் சக்கரம் உண்டு, பேருக்குத்தான். நகர்த்த நாலு ஆள் வேண்டும்.

அதை ஆன் செய்தால் தரை லேசாக அதிரும். வெல்டிங் ராடு இரும்பைத் தொட்டதும் தெருவில் வோல்டேஜ் இறங்கும். வீட்டில் மாவு அரைக்கும் கிரைண்டர் மூச்சு வாங்கும். பக்கத்துக் கடையில் மோட்டார் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்கா, தகரத் தடுப்பைத் தட்டுவார்.

“இன்னாம்மா, பத்த வைக்கிறாரா? ஊசி நவுர மாட்டேங்குது.”

“இதோ, ஒரு ராடு முடிஞ்சதும் நிறுத்திடுவாருக்கா.”

நான் பட்டறையில் கிரைண்டிங் செய்வேன், பெயின்ட் அடிப்பேன், போன் பேசுவேன். பற்றவைப்பதில் மட்டும் கை வைத்ததில்லை. ஒரே ஒரு முறை முயன்றேன். ஓர் இரும்புக் கட்டிலின் கால் விட்டுப்போயிருந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ராடைக் கவ்விப் பிடிக்கும் ஹோல்டரை எடுத்து, ராடைத் தொட்டேன். ஒட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. ராடு முழுக்கச் செக்கச்செவேல் என்று பழுத்தது, பெட்டி உறுமியது. அவர் சோற்றுக் கையோடு ஓடிவந்து ஸ்விட்சை அணைத்தார். திட்டவில்லை. எனக்குத்தான் அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகத் தோன்றவில்லை.

பிறகு திருவதிகையிலிருந்து ஒரு வேலை வந்தது. பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் யூனிட் நடத்தும் ஓர் அம்மா, திருவதிகையில் வீடு கட்டியிருந்தார். மாடிப்படிக்குக் கைப்பிடி, மேலே வராந்தாவுக்கு கிரில். வீட்டுக்கு சிங்கிள் பேஸ் கரன்ட்தான். படியும் குறுகல். பெரிய மெஷின் அங்கே ஏறவும் ஏறாது, ஏறினாலும் ஓடாது. அளவெடுத்துத் திரும்பி வந்த அன்று என் கணவர் தோளில் எதையோ மாட்டிக்கொண்டு வந்தார்.

“இன்னாங்க இது, டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கு?”

“இன்வெர்ட்டர் மெஷினாம். ராடு வாங்குற கடைக்காரர் கையில திணிச்சிட்டாரு. வேலை முடிஞ்சதும் புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடுவேன்னு சொல்லிட்டுதான் எடுத்தாந்தேன்.”

அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. எனக்கும் இல்லை.

வேலையன்று வழக்கமாகக் கூட வருபவர் வீட்டில் காதுகுத்து. அவருக்குப் பதில் நான் வேலைக்குக் கூடப் போனேன். பைப்பையும் கிரில்லையும் மினி லாரியில் அனுப்பிவிட்டு, நாங்கள் மொபெட்டில் மெஷினைக் காலடியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். கிரில் கனம். நான் பிடித்தேன், அவர் மட்டம் பார்த்தார். அவர் ஹோல்டரை எடுக்கக் குனிவதற்குள் கிரில் என் கையில் சாய்ந்துவிடும். இப்படியே நாலைந்து தடவை. கடைசியில் அவரே கிரில்லைத் தோள் கொடுத்துத் தாங்கி நின்றார்.

“நான் புடிச்சிகினு இருக்கேன். நீ டாக் வச்சிடு.”

“நானா?”

“வேற யாரு இருக்கா இங்க? முழுசா வைக்க வேணாம். நாலு மூலையிலயும் ஒவ்வொரு பொட்டு.”

கையுறை போட்டு, முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்து, ராடைத் தொட்டேன். ஒட்டிக்கொண்டது. அது பழுத்துச் சிவக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மெஷின் தானாகவே கரன்ட்டை நிறுத்திக்கொண்டது. லேசாகத் திருகினேன், ராடு கையோடு வந்துவிட்டது.

அவர் கிரில்லுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். “கடைக்காரர் சொன்னாரு, ஒட்டுனா அதுவே நிறுத்திக்கும்னு. நான் நம்பல. மறுபடி வை.”

இரண்டாம் முறை வெளிச்சம் அணையாமல் நின்றது. பெரிய மெஷின் படபடவென்று பொறியை வாரி இறைக்கும். இதில் கடுகு பொரிகிற மாதிரி சின்னச் சத்தம்தான். மேலே படிந்த கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். பொட்டு உட்கார்ந்திருந்தது. அவர் சுத்தியலால் ஓர் அடி போட்டுப் பார்த்தார்.

“புடிச்சிகிச்சி,” என்றார்.

மதியத்துக்குள் டாக் எல்லாம் என் கை, முழு வெல்டிங் அவர் கை என்று ஆகிவிட்டது. வீட்டுக்கார அம்மா தட்டில் பலாச்சுளையோடு மேலே வந்தார். என் கையில் ஹோல்டரைப் பார்த்தார்.

“நீதான் பத்த வைக்கிறியா?”

“கொஞ்சம் கொஞ்சம்தாம்மா.”

அவர் தட்டை முதலில் என் பக்கம் நீட்டினார். அத்தனை இனிப்பான சுளையை நான் சாப்பிட்டதில்லை. அது பழத்தின் குணம் மட்டும்தானா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மெல்லிய தகடு, சின்ன பைப் எல்லாம் என் வசம் வந்தது. பெரிய மெஷினில் மெல்லிய தகடு கண்ணிமைப்பதற்குள் ஓட்டை விழும். இதில் கரன்ட்டை நூலளவு நூலளவாகக் குறைத்துக்கொள்ளலாம். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பெண்கள் துணி உலர்த்தும் ஸ்டாண்ட், ஜன்னல் கிரில் என்று என்னிடமே கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் அந்த மழைக்காலத்தில் சின்ன மெஷின் நடு வேலையில் செத்துப்போனது. கிரைண்டரிலிருந்து பறந்த இரும்புத் தூளை அதன் ஃபேன் உள்ளே இழுத்து, உள்ளே இருந்த எலக்ட்ரானிக் கார்டு போய்விட்டது. ரிப்பேருக்குப் பண்ருட்டிக்கு அனுப்பினோம். அதே வாரம் டிராக்டர் டிரெய்லர் ஒன்று முன்பக்க இணைப்பு விரிசல் விட்டு வந்தது. கனத்த இரும்பு. தூறலில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, பெரிய மெஷின் ஒரு நாள் முழுக்க உறுமியது. சளைக்கவில்லை.

“பாத்தியா?” என்றார்.

“பாத்தேன், பாத்தேன்.”

சின்னது திரும்பி வந்ததும் அதற்கு ஓர் உறை தைத்தேன். கிரைண்டரைப் பட்டறையின் மறு கோடிக்கு மாற்றினேன். வாரம் ஒரு முறை பஞ்சர் கடைக்குத் தூக்கிப்போய்க் காற்றடித்துத் தூசியை விரட்டுகிறேன். அவர் பெரியதற்கு ஆயில் அளவு பார்ப்பதோடு சரி.

போன மாதம் எங்கள் வீட்டுக்கே ஒரு கேட் செய்தோம். ஊருக்கெல்லாம் செய்து கொடுத்துவிட்டு, நாங்கள் இத்தனை நாளும் ஒரு தட்டியைச் சாத்தி வைத்துக்கொண்டிருந்தோம். தூணும் கீலும் அவர் வைத்தார். இரண்டு கதவும் அதில் பூ வேலையும் நான் வைத்தேன். மாட்டியதும் அவர் விரலால் ஒரு கதவைத் தள்ளினார். சத்தமில்லாமல் போய்ச் சாத்திக்கொண்டது. அன்று வேறு வேலை எடுக்கவில்லை. வெயில் இறங்கும்வரை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பச்சை பெயின்ட் அடித்தோம்.