மீன்தொட்டிச் செடிகளை மண்ணில் வைத்தேன்

என் கணவர் திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தார். வேலூர் வண்டி, செங்கம் வண்டி, பௌர்ணமிக்கு விடும் கூடுதல் வண்டிகள் என்று நாள் முழுவதும் மைக்கில் அறிவித்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்த பிறகும் வாய் ஓயாது. வேங்கிக்காலில் நாங்கள் கட்டியிருந்த சின்ன வீட்டின் கூடத்தில் நாலடி மீன்தொட்டி ஒன்று வைத்திருந்தார். மீன்களைவிட அதிலிருந்த செடிகள்மேல்தான் அவருக்குப் பிரியம். எது எங்கிருந்து வந்தது, எதற்கு வெயில் ஆகாது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் சமையலறையிலிருந்து "உம்" கொட்டுவேன். ஒன்றையும் காதில் வாங்கியதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு தை மாதம், காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வேலூரில் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: "தண்ணி." பசித்தாலும் தண்ணி, வலித்தாலும் தண்ணி. "மூளைல பேசற இடம் அடிபட்டிருக்கும்மா. வேற சொல்ல நினைச்சாலும் அதுதான் வரும்" என்றார் டாக்டர்.

வீடு திரும்பியபோது மீன்கள் செத்து மிதந்தன. பிள்ளைகள் இல்லாத வீடு. பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. கூடத்தில் அவருக்குக் கட்டில் போட வேண்டும், தொட்டிக்கு இடமில்லை. அவருக்கு மீனும் செடியும் கொடுக்கும் கடைக்காரர் வந்து தொட்டியைக் காலி செய்து கொடுத்தார். பக்கெட்டில் கிடந்த செடிகளைத் தூக்கிப்போடப் போனேன்.

"போட்டுடாதீங்க அக்கா. தண்ணிக்கு வெளியவும் இதுங்க வளரும். செம்மண், மணல், கொஞ்சம் மக்குன எரு. கலந்து வெச்சிட்டு ஈரம் காயாம பாத்துக்குங்க, போதும்."

ஒன்பது பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தேன். கட்டிலிலிருந்து தெரியும்படி ஜன்னலோரம் வரிசையாக அடுக்கினேன். அவர் கண் மலர்ந்தது. பிறகு இடது கை விரல்களை விரித்து, எதையோ கவிழ்ப்பதுபோலக் காட்டினார். "தண்ணி. தண்ணி."

ஊற்றினேன். தலையை வேகமாக ஆட்டினார். மறுபடியும் கையைக் கவிழ்த்தார்.

"குளுருதாங்க?" என்று போர்வையை எடுத்துப் போர்த்தினேன். காலால் உதைத்துத் தள்ளினார். "தண்ணி!" என்று கத்தினார். ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன். டப்பாக்களை இடம் மாற்றினேன். அவர் கேட்டது அது எதுவுமில்லை. கடைசியில் அவர் அழுதார். எனக்கும் வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

நாடாபோல நீண்ட இலை கொண்ட செடி அன்று மாலையே துவண்டு விழுந்தது. நாலாம் நாள் இன்னும் ஆறு டப்பாச் செடிகள் கண்ணாடிபோல ஆகி, பழுப்பாகி அழுகின. நாற்றம் வந்தது. ஏழு டப்பாக்களை எடுத்துப்போய் வெளியே கொட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வார்த்தையாக இல்லாத ஒரு சத்தம் அவர் தொண்டையிலிருந்து வந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை.

மறுவாரம் கடைக்காரர் அவரைப் பார்க்க வந்தார். மிச்சமிருந்த இரண்டு டப்பாக்களைக் கண்டதும், "என்னாக்கா, கவர் போட்டு மூடலியா?" என்றார்.

"மூடணும்னு நீங்க சொல்லலியே."

"சொல்லலியா? ஐயோ, அண்ணனுக்குத் தெரியுமேன்னு விட்டுட்டேன்க்கா. தண்ணியில இருந்த இலைக்கு வெறும் காத்து தாங்காது. மூடிதான் வெக்கணும். மூடினாலும் பழைய இலை அழுகும். அழுகினா அழுகட்டும்னு விட்டா அடியிலிருந்து புது இலை வரும்."

கவிழ்த்த அந்தக் கை என்ன சொன்னது என்று அப்போதுதான் புரிந்தது. வெளியே ஓடிப் பார்த்தேன். கொட்டிய இடத்தில் வேர்கள் நூலாகக் காய்ந்து கிடந்தன.

இருந்த இரண்டையும் பாலிதீன் கவரால் மூடினோம். பங்குனி நடுவில் இரண்டிலும் துளிர் வந்தது. தண்ணீருக்குள் இருந்த இலைபோல இல்லை. தடித்து, உருண்டு, வேறு ஏதோ செடிபோல இருந்தது. அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தார்.

சித்திரையில் இலை கவரை முட்டியது. "எடுத்துடலாமாங்க?" என்று கேட்டேன். தலையசைத்தார். ஆமாம், இல்லை இரண்டுக்கும் அவருக்குத் தலை ஒரே மாதிரிதான் அசையும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு கவரையும் கழற்றினேன். அக்கினி வெயில் நேரம். மாலைக்குள் இலைகள் சுருண்டு கருகின. கொஞ்சம் கொஞ்சமாகக் கவரில் ஓட்டை போட்டுப் பழக்க வேண்டுமாம். அதையும் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒன்று போயிற்று. இன்னொன்றில் ஒரே ஒரு தண்டு பச்சையாக நின்றது. திரும்ப மூடி வைத்தேன். அது மெல்லப் பிழைத்து, மழைக்காலத்தில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூக்கூட வைத்தது. அவர் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, நீளமாக ஏதோ சொன்னார். எல்லாம் தண்ணி, தண்ணி என்றுதான் என் காதில் விழுந்தது. ஆனால் ஏற்ற இறக்கத்தில் அது ஒரு முழுப் பேச்சு. எங்கே நிறுத்தினார், எங்கே கேள்வி கேட்டார் என்பதுகூடத் தெரிந்தது. என்ன கேட்டார் என்பது மட்டும் தெரியவில்லை.

"சொல்லுங்க" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.